ரக்கூனும் அரிசிப் பைகளும் ஒரு பொங்கலும்

பிரியாவிடைத் தேநீர் அன்று, என்னிடம் தொழில் பழகிய நீங்கள் மூவரும் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது என் வாய் நிறையக் கேக் இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் மொன்றியல் வீடுகளின் புகைபோக்கிகளுக்குள் தலையை விட்டவன் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வான் என்று நீங்கள் நம்பியிருந்தால், அந்தப் பிழை உங்களுடையது.

உருக்குக் குழாய் இறக்குவதையும் செங்கல்லுக்கு இடையே சாந்து பூசுவதையும் நான் சொல்லப் போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும். தெரியாததை உங்கள் தொலைபேசி சொல்லும். ஒரு வீடு நிறைய ஆட்கள் நின்று கொளுத்து கொளுத்து என்று சொல்லும்போது, தீப்பெட்டியைக் கையில் வைத்திருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லாது. என் கடைசிக் குளிர்காலத்தில், மொன்றியலின் மேற்கே பியர்பொன்ட்ஸில் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். அதில் நான் படுமுட்டாளாக இருந்த பகுதியும் உண்டு, கொஞ்சம் புத்தியோடு நடந்துகொண்ட பகுதியும் உண்டு. முட்டாளாக இருந்த பகுதிதான் நீளம்.

இலையுதிர் காலத்தில் யோகமக்கா என்று ஒருவர் அழைத்தார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் துரை அண்ணை முன்பு பஸ் ஓட்டியவர்; இப்போது இரண்டு முழங்காலும் அவர் சொல் கேட்பதில்லை. அதனால் வீட்டை விற்றுவிட்டார்கள். சித்திரையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் லிஃப்ட் உள்ள ஓர் அடுக்குமாடிக்குப் போகிறார்கள். வாங்குகிறவர்கள் ஃபயர்பிளேஸ் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இதுவரை எல்லாம் சாதாரண வேலை.

நான் போய் வீட்டைப் பார்த்த பிறகு யோகமக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தன் உண்மையான காரணத்தைச் சொன்னார். கனடாவுக்கு வந்த முதல் தைப்பொங்கலுக்கு, நகரத்துக்குள் ஓர் அடுக்குமாடியில், மின்சார அடுப்பில் பானை வைத்திருக்கிறார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. புகை அலாரம் அலறியது. கட்டடம் முழுவதும் படுக்கை உடுப்போடு பனியில் இறங்கி நின்றது. ஐந்தாம் மாடியிலிருந்த ஒரு மனிதர் குளியல் துவாயோடு நின்றதை அக்கா இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பால் விளிம்புக்கு ஏறும்போதெல்லாம் அகப்பையை விட்டுக் கிண்டி அடக்கிவிடுவார். ஒரு வருடம் முற்றத்தில் காஸ் அடுப்பு வைத்துப் பார்த்தார். காற்று மூன்று தரம் அணைத்தது, நாலாம் தரம் அவரே உதைத்து அணைத்தார்.

“முப்பது வருசமாப் பொங்கவிடாமல் பொங்கிறன் தம்பி,” என்றார். “அந்த மாடிவீட்டிலயும் மின்சார அடுப்புத்தான். இந்த வீட்டை விட்டுப் போறதுக்கு முதல் ஒருக்கா விறகில வைச்சு, அதைத் தன்பாட்டில பொங்கவிட வேணும்.”

மொன்றியல் தீவுக்குள் பழைய விறகு ஃபயர்பிளேஸை எரிக்கக்கூடாது. மின்சாரம் நின்று மூன்று மணித்தியாலம் தாண்டினால் மட்டும் எரிக்கலாம். இந்தச் சட்டத்தை நான் அக்காவுக்கு அங்கேயே, எதையும் தொடுவதற்கு முன்பே, ஒளிக்காமல் சொன்னேன். பொங்கலன்று பார்த்துக் கரண்ட் போகும் என்று நம்பி இந்த வேலையைச் செய்விக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் அசையவில்லை. திறந்து தருவது என் வேலை, மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். யாரோடு கதைத்து அதைப் பார்க்கப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. ஏனென்றால் அந்த யாரோ அவருடைய ஃபயர்பிளேஸுக்குள்தான் இருந்தார்.

ஆம், அதுதான் சாமியறை. நம்மவர்களின் வீடுகளில் நீங்கள் இதை நிறையப் பார்ப்பீர்கள். சுவரில் அளவாக ஒரு மாடம், கல் பீடம், மேலே தட்டு; வேறென்ன வேண்டும். உள்ளே பிள்ளையார், இடப்பக்கம் முருகன், வலப்பக்கம் லட்சுமி, நடுவில் விளக்கு, சுற்றிவர மினுக்கு பல்ப். இருபத்தெட்டு வருடமாக அங்கே பூசை.

என்னுடைய முட்டாள்தனம் இங்கே தொடங்குகிறது. வேறு எந்த மேசனாக இருந்தாலும் படங்களை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே விட்டிருப்பான். எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையாரை எழும்பச் சொல்ல நான் யார்? செருப்பைக் கழற்றினேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், பக்தியோடு பின்னால் நடந்து வெளியே வந்து ஏணியை எடுத்துக் கூரைக்குப் போனேன். கீழிருந்து பார்க்க வேண்டியதை மேலிருந்து பார்த்தேன்.

கமராவை இறக்கினேன். அடியில், புகைபோக்கி ஒடுங்கும் தொண்டைக்குச் சற்று மேலே, ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன். மயிர். சாம்பல் நிறம், அடர்த்தி, நுனியில் கறுப்பு. அசையவில்லை. இருபத்தாறு வருட அனுபவம் என் காதில் ஒரே சொல்லைச் சொன்னது: ரக்கூன். கூரையிலிருந்தே அறிவித்தேன். முற்றத்தில் நின்ற யோகமக்கா நெஞ்சில் கை வைத்தார். துரை அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார். அதை நான் கவனித்தேன், கவனித்துவிட்டு விட்டுவிட்டேன்.

புகைபோக்கிக்குள் குடியேறும் ரக்கூன் கடிக்கும் விலங்கு, அதைப் பிடித்து இழுக்கக்கூடாது. தானாகப் போகும்படி செய்ய வேண்டும். அதற்குச் சத்தம் பிடிக்காது. எனவே ஒரு ரேடியோவைக் கயிற்றில் கட்டிப் புகைபோக்கிக்குள் இறக்கினேன். அந்த ரேடியோவில் தெளிவாகப் பிடிபட்டது ஒரு பிரெஞ்சு நிலையம் மட்டும்தான்; காலை முதல் மாலை வரை யாராவது எதையாவது பற்றிக் கோபமாக விவாதித்துக்கொண்டிருப்பார்கள். ரக்கூனுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

மூன்று நாட்கள். முதல் நாள் மாலை யோகமக்கா தொலைபேசியில், தான் தேவாரம் தொடங்கினால் பிள்ளையாரின் பின்னாலிருந்து ஓர் ஆள் வீதிக் குழிகளைப் பற்றிக் கத்துவதாகச் சொன்னார். இரண்டாம் நாள் விளக்கு ஏற்றும்போது ஹொக்கி. மூன்றாம் நாள் அவருக்கு அது பழகிவிட்டது. “தம்பி, பிள்ளையார் என்னைவிட நல்லாப் பிரெஞ்சு கதைக்கிறார்,” என்றார். ரக்கூன் மட்டும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கமராவில் அது அதே இடத்தில், அதே கிடையில், அந்த விவாதங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, அக்காவே சாமிப்படங்களைச் சாப்பாட்டறை அலுமாரிக்கு மாற்றினார். தடித்த கையுறை போட்டுக்கொண்டு நான் ஃபயர்பிளேஸுக்குள் மல்லாந்து படுத்தேன். புகைபோக்கியின் தொண்டையில் இருக்கும் இரும்புக் கதவை மெல்லத் திறந்தேன். ரக்கூன் என் முகத்தில் விழுந்தது. நான் போட்ட கூச்சலை நீங்கள் கேட்காதது என் அதிர்ஷ்டம். விழுந்தது ஒரு பழைய குளிர் அங்கி; தொப்பியின் ஓரத்தில் சாம்பல் நிற மயிர். அதற்குள்ளிருந்து ஒன்று, இரண்டு, மூன்று பாஸ்மதி அரிசிப் பைகள், பழந்துணி திணித்து, வாயில் சணல் கட்டி, அடுத்தடுத்து இறங்கின. கடைசிப் பையிலிருந்து அக்காவின் பழைய வேலைச் சட்டை எட்டிப் பார்த்தது.

யோகமக்கா அந்தச் சட்டையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

துரை அண்ணை கதிரையில் உட்கார்ந்துதான் பேசினார். இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், புகைபோக்கி வழியாக இறங்கிய காற்று ஒவ்வொரு மாலையும் விளக்கை அணைத்ததாம். அக்காவின் தம்பியைப் பற்றி ஊரிலிருந்து ஒரு தகவலும் இல்லாத காலம் அது. விளக்கு அணையும்போதெல்லாம் அக்கா அடுப்படியில் போய் நின்று அழுவாராம். ஒரு நாள் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அண்ணை அரிசிப் பைகளை எடுத்தார். அன்று மாலை விளக்கு ஆடாமல் நின்றது. அடுத்த வாரம் தம்பி பத்திரமாக இருக்கிறார் என்று கடிதமும் வந்தது. பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். அதன் பிறகு அண்ணை எந்த முகத்தோடு அரிசிப் பையைப் பற்றிச் சொல்வது? ரேடியோ மூன்று நாள் கத்தியபோதும் அவர் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம்.

முகத்தில் கரியோடு தரையில் கிடந்த நான் எழும்பவில்லை. அந்த இடத்தில் எழும்புவது மரியாதை இல்லை என்று பட்டது.

“அப்ப இருபத்தெட்டு வருசமா நான் கும்பிட்டது உங்களையோ?” என்று கேட்டார் யோகமக்கா. அண்ணை கண்ணைத் துடைத்தார். அக்கா அந்த அங்கியை உதறி எடுத்து அவருடைய தலையில் தொப்பியைப் போட்டுவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்க, நான் கரியை விழுங்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து வயிறு நோகச் சிரித்தேன்.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், கஸ்பே பக்கத்துக் கியூபெக்குக்காரி, கோபக்காரி. முதல் நாளே அவள் சொன்னது, வீட்டாரோடு கதைத்து முடித்த பிறகுதான் புகைபோக்கியோடு கதைக்க வேண்டும் என்பது. அடைத்துக் கிடக்கும் ஒன்றை எதற்காக அடைத்தார்கள் என்று தெரியாமல் திறக்கக்கூடாது. நான் அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரேடியோ தேவைப்பட்டிருக்காது. கமரா நல்ல சாமான்தான். ஆனால் நாம் ஏற்கெனவே நினைத்ததைத்தான் அதிலே பார்க்கிறோம்.

கார்த்திகை முடிவதற்குள் வேலை முடிந்தது. புதுக் குழாய், புதுத் தொண்டைக் கதவு, மேலே பறவை நுழையாதபடி கம்பி வலையோடு ஒரு தொப்பி. புகை அலாரமும் நச்சுவாயு அலாரமும் மாட்டினேன். முதல் நெருப்பு மூட்டும் நாளில் நானே வந்து பக்கத்தில் நிற்பதாகக் கையடித்துக் கொடுத்தேன். அப்படி ஒரு நாள் அவர்களுக்கு அந்த வீட்டில் வராது என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன். வீடு கைமாறிவிடும், அக்கா அகப்பையோடு லொங்குய்க்குப் போய்விடுவார்.

பொங்கலுக்கு முதல் நாள் மாலை மழை. பூச்சியத்துக்குக் கீழே குளிர், ஆனாலும் மழை. தொட்டதெல்லாம் கண்ணாடியாக உறையும் மழை. சனிக்கிழமை காலை ஏழரைக்கு என் தொலைபேசி அடித்தது.

“தம்பி, கரண்ட் போயிட்டுது,” என்றார் யோகமக்கா. லொத்தர்ச் சீட்டு விழுந்தவர்கூட அப்படிச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

எப்போது போனது என்று கேட்டேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்று பின்னாலிருந்து துரை அண்ணையின் குரல். அப்படியென்றால் எட்டு ஐம்பதுக்கு மூன்று மணித்தியாலம் நிறைகிறது. கோயில் கலண்டரில் ஒன்பதுக்கு ராகுகாலம். ராகுகாலத்தில் யோகமக்கா பானையைத் தொடமாட்டார். பத்தரைக்கு அது முடிவதற்குள் கரண்ட் திரும்பிவிடலாம். ஆக, முப்பது வருடம் காத்திருந்த பெண்ணுக்குச் சட்டமும் சாஸ்திரமும் சேர்ந்து கொடுத்த அவகாசம் பத்து நிமிடம்.

நான் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். கதவைத் திறந்தால் ஒவ்வொரு மரக்கிளையும் பனிக்கட்டி உறை போட்டிருந்தது. கார் ஓடாது. அந்தக் கிளைகளைப் பார்த்தபோது புகைபோக்கியில் நான் பூட்டிய தொப்பியின் கம்பி வலை நினைவுக்கு வந்தது. வலைக் கண்களெல்லாம் அடைத்திருக்குமே. கராஜிலிருந்து, ஒன்றோடொன்று திருகிப் பூட்டும் நீளத் தடிகளை எடுத்து மகளின் பழைய பனிச்சறுக்குப் பலகையில் கட்டினேன். சப்பாத்தில் முள்ளுப் பட்டி மாட்டி, அதை இழுத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு தரம் நான் விழுந்தேன். ஒரு தரம் பலகை என்னை முந்திக்கொண்டு போனது.

அங்கே வீடு நிறைய ஆட்கள். அந்த வீட்டில் இன்றைக்கு நெருப்பு மூட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தெருவார் போர்வையோடு வந்திருந்தார்கள். ஃபயர்பிளேஸுக்கு முன்னால் மாக்கோலம், உள்ளே மூன்று கல், கழுத்தில் மஞ்சள் இலை கட்டிய பானை. அதன் பக்கத்தில் யோகமக்கா பட்டுச் சேலைக்கு மேல் ஸ்வெட்டரோடு. துரை அண்ணை அரிசிப் பைகளோடு விழுந்த அந்த அங்கியைப் போட்டிருந்தார்.

நேரம் எட்டு முப்பத்தெட்டு. தொண்டைக் கதவைத் திறந்து, அக்காவிடம் ஓர் ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தி, உள்ளே பிடித்தேன். திறந்த புகைபோக்கி என்றால் அந்த மெல்லிய புகை மேலே போக வேண்டும். அது திரும்பி என் மூக்குக்கு வந்தது. மேலே பூட்டுப் போட்ட மாதிரி அடைத்துவிட்டது.

நான் சொன்னதும் எல்லோருக்கும் யோசனை வந்தது. சின்னதாக ஒரு நெருப்பு மூட்டினால் சூட்டில் ஐஸ் உருகிவிடும் என்றார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். துரை அண்ணையே கையைப் பிடித்துக் கேட்டார். ஒருவர், கூரையில் ஏறித் தட்டிவிடலாமே, முள்ளுச் சப்பாத்து இருக்கிறதே என்றார்.

கூரை யோசனைக்கு என்னிடம் பழைய பதில் ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், கெட்டித்தனம் காட்ட, ஐஸ் பிடித்த கூரையில் ஏறியவன் நான். என் ஆசிரியை ஏணியை எடுத்து வான் வண்டியில் வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து தன் சாண்ட்விச்சை முழுவதும் சாப்பிட்டாள், பிறகு தேநீரும் குடித்தாள். அந்த அரை மணித்தியாலம் புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் யோசித்த யோசனைகள் இன்றுவரை போதும்.

நெருப்பு யோசனைதான் கஷ்டமானது. ஏனென்றால் எனக்கே ஆசை. அக்காவின் முகத்தைப் பார்க்கும்போது இன்னும் ஆசை. ஆனால் அடைத்த புகைபோக்கியின் கீழே மூட்டும் நெருப்பு ஐஸை உருக்குமுன் வீட்டை நிரப்பிவிடும், நச்சுவாயுவுக்கு மணமும் கிடையாது. அந்த அறையில் பத்துப் பதினைந்து பேர். “நெருப்பு தன்ர வழியைத் தானே திறக்காது அண்ணை,” என்றேன். “வழி திறந்தாப் பிறகுதான் நெருப்பு. இல்லையெண்டா இண்டைக்கு இல்லை.”

யோகமக்கா பானையின் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“தம்பி மாட்டன் எண்டா மாட்டன்தான். ஒருத்தரும் அவரை நெருக்காதேங்கோ,” என்றார். “ஒன்பதுக்குப் பிறகு நானும் வைக்கமாட்டன்.”

பிள்ளைகளே, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்னை நம்பிவிட்டார். பானையையும் கற்களையும் விலக்கி, மாக்கோலத்தின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, மல்லாந்து உள்ளே போனேன். தடியை ஒவ்வொன்றாகப் பூட்டி மேலே தள்ளினேன். நுனி ஏதோ ஒன்றில் முட்டியது. தட்டினேன். ஐஸ் சில்லுகள் முகத்தில் விழுந்தன. மீண்டும் தட்டினேன். சில்லுகள், கரி, வேறொன்றுமில்லை. வெளியே துரை அண்ணை நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்: நாற்பத்தாறு, நாற்பத்தேழு. அவர் பஸ் ஓட்டியவர், நேரத்தை அப்படித்தான் சொல்வார். கடைசியில் இரண்டு கையாலும், காலைச் சுவரில் ஊன்றி, இருந்த பலம் முழுவதையும் கொடுத்து ஒரு குத்துக் குத்தினேன்.

மேலே டங் என்று ஒரு சத்தம். தடி திடீரென்று இலேசானது. குழாயின் உச்சியில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. தொப்பியையே பெயர்த்துவிட்டிருந்தேன். அதைக் கார்த்திகையில் பூட்டியவன் நானேதான், அந்தத் திருகாணிகளைப் பற்றி நாம் இங்கே விவாதிக்க வேண்டாம்.

கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பிரெஞ்சுக் கிழவர், தெருவில் எல்லோரும் மொசியே என்று கூப்பிடுபவர், ஒரு கையில் என் தொப்பியோடும் மறு கையில் தன் சமையலறைச் சுவர்க்கடிகாரத்தோடும் நின்றார். சூடு காய வந்துகொண்டிருந்தவருக்கு இரண்டு அடி முன்னால் தொப்பி பனியில் விழுந்ததாம். “போன்ஜூர்,” என்றார், மிகவும் மரியாதையாக. “இது உங்களுடையதா?”

வரும் வழியில் அவர் கதவைத் தட்டி, கடிகாரத்தைக் கொண்டுவரச் சொன்னது நான்தான். துரை அண்ணை சொன்ன நேரத்தை நான் முழுவதும் நம்பவில்லை. மனைவிக்காக இருபத்தெட்டு வருடம் அரிசிப் பையை மறைத்தவர், பத்து நிமிடத்தை மறைக்கமாட்டாரா? மொசியேயின் கடிகாரம் சுவர் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போன நிமிடத்தில் நின்றுவிடும். அது ஐந்து நாற்பத்தொன்பதில் நின்றிருந்தது. அண்ணை உண்மையில் ஒரு நிமிடம் பிந்தித்தான் சொல்லியிருந்தார். அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

எட்டு ஐம்பத்திரண்டு. சட்டம் சரி. ஊதுபத்தியைப் பிடித்தேன், புகை, கூப்பிட்டது போல் மேலே ஓடியது. தொப்பியில்லாமல் தீப்பொறி பறந்தாலும் கூரை முழுவதும் ஐஸ், அதில் பற்ற ஒன்றுமில்லை. இனிக் குளிர்ந்த குழாயைச் சூடாக்க ஒரு சுருட்டுக் கடதாசி கொளுத்திப் பிடிக்க வேண்டும். துரை அண்ணை நம்முடைய இலவசத் தமிழ்ப் பத்திரிகையை நீட்டினார். நான் சுருட்டப் போனேன். யோகமக்கா பறித்துவிட்டார்.

“பொங்கலும் அதுவுமா மரண அறிவித்தலை எரிக்கிறதோ?”

அந்தப் பத்திரிகையில் மரண அறிவித்தல் இல்லாத பக்கம் எது? அக்கா கீழே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள், முதலாம் ஆண்டு நினைவு. எல்லோரும் குனிந்து தேடினோம். எட்டு ஐம்பத்தைந்து. மொசியே நாம் எதையோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்துத் தானும் தரையைத் தேடினார். கடைசியில் துரை அண்ணை குசினியிலிருந்து ஒரு கடையின் மரக்கறி விளம்பரத் தாளோடு ஓடி வந்தார். உங்களுக்குச் சொன்னேனே, அந்த முழங்கால்களோடு. தக்காளியையும் கத்தரிக்காயையும் சுருட்டிக் கொளுத்தினேன். குழாய் ஹோ என்று மூச்சு இழுத்தது. விறகு பற்றியது. எட்டு ஐம்பத்தெட்டுக்கு யோகமக்கா பானையை மூன்று கல்லின் மேல் ஏற்றினார்.

அதன் பிறகு யாரும் நேரம் பார்க்கவில்லை. பால் மெல்ல மேலே வந்தது. ஆடை விரிந்தது, நடுவில் வீங்கியது, விளிம்பைத் தொட்டது. அப்போது பார்த்தால் அக்காவின் கையில் அகப்பை. அவர் எடுத்ததை அவரே அறியவில்லை. முப்பது வருடப் பழக்கம் கையைப் பானைக்குக் கொண்டுபோய்விட்டது. துரை அண்ணை குனிந்து அந்த அகப்பையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

பால் பொங்கியது. முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் வழிந்து நெருப்பில் சீறியது. பொங்கலோ பொங்கல் என்று அறை முழுவதும் எழுந்த குரலில் மொசியேயின் குரல்தான் பெரிது. என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார். நான் கத்தவில்லை. உட்கூரையில் மாட்டிய இரண்டு அலாரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வாய் திறக்கவில்லை. என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மின்விளக்கு எரிந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமியது. அலுமாரியில் பிள்ளையாரைச் சுற்றி மினுக்கு பல்ப் ஓடத் தொடங்கியது. மொன்றியல் முழுவதும் கைதட்டியிருக்கும் அந்த நிமிடத்தில் எங்கள் அறை மட்டும் ஐயோ என்றது. கரண்ட் வந்துவிட்டால் நெருப்பை அணைக்க வேண்டும், சட்டம் அதுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்த்தேன். வழிந்த பால் விறகின் மேல் ஓடி, நெருப்பை ஏற்கெனவே அணைத்துவிட்டிருந்தது. சட்டத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மிச்சப் பொங்கலை அக்கா மின்சார அடுப்பில் முடித்தார். நெய், சர்க்கரை, கஜுப் பருப்பு, எல்லாம் போட்டு முதல் தட்டு எனக்கு. கரி பிடித்த என் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டார்; என் முகத்தில் வெள்ளையாக இருந்தது அது மட்டும்தான். சுவையில் பாதி புகை. நான் சாப்பிட்டவற்றில் அதற்கு நிகராக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் சித்திரையில் லொங்குய்க்குப் போய்விட்டார்கள். தொப்பியை ஐஸ் கரைந்த பிறகு, இந்த முறை ஒழுங்கான திருகாணியோடு, மீண்டும் பூட்டினேன். அதுதான் என் கடைசி வேலை. உங்களுக்கு ஒரு நாள் எல்லோரும் கொளுத்தச் சொல்லும்போது வேண்டாம் என்று சொல்ல நேரும். அந்த அறையில் யோகமக்கா மாதிரி ஒருவர் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

அன்று வாசலில் நான் முள்ளுப் பட்டியை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தார். பாலும் புகையும் மணக்கும் சேலை, கண் முழுவதும் சிவப்பு.

“முப்பது வருசம், தம்பி,” என்றார். “இண்டைக்குத்தான் பொங்கினனான்.”